கல்லறையில் மூன்றாவது சொல்

நம் தமிழ்த்துறைக்குப் பலவகை வேண்டுகோள்கள் வருவதுண்டு. திருமண அழைப்பிதழில் பிழை திருத்தித் தருக என்பார் சிலர். கடையின் பெயர்ப்பலகைக்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும் என்பார் சிலர். இரங்கற்பா எழுதித் தருமாறு வருவோரும் உளர். சென்ற ஆண்டு கல்லூரி திறந்த சில வாரங்களில் இளம்பெண் ஒருவர் துறைக்கு வந்து, தம் பாட்டியின் கல்லறைக் கல்லில் பொறிக்க வாசகம் எழுதித் தருமாறு கேட்டார். பாட்டியின் பெயரைச் சொன்னதும் நாம் இருக்கையை விட்டு எழுந்துவிட்டோம். நமக்கு இரண்டாம் வகுப்பில் தமிழ் எழுதக் கற்பித்த டீச்சரம்மாவின் பேத்தி அவர்.

டீச்சரம்மாவின் பெயரை ஈண்டு எழுதவில்லை. தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை என்று குடும்பத்தார் சொன்னதால் விடுத்தோம். ஆம்பூரின் பழைய தெருக்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் 'டீச்சரம்மா' என்று மட்டும் சொன்னால் போதும், யாரைச் சொல்கிறோம் என்பது விளங்கிவிடும்.

பேத்தி கொண்டுவந்த தாளில் இரண்டு வரிகள் முன்னமே எழுதப்பட்டிருந்தன. 'பாசமிகு தாய்' என்பது ஒன்று. 'அன்புப் பாட்டி' என்பது மற்றொன்று. கல்லோ சிறியது. கல் வெட்டுபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவர். மேலும் ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது. 'பக்தியில் சிறந்தவர்' என்று போடவேண்டும் என்பது மகனின் விருப்பம். நாம் தாளை வாங்கி மூன்றாவது வரியில் 'ஆசிரியை' என்று எழுதினோம். பேத்தி சற்றுத் தயங்கினார். பின்பு மெல்லக் கேட்டார்: "அது அவங்க பார்த்த வேலைதானே சார்?"

அன்று நாம் அவருக்கு நிறைவான விடை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டியதை இப்போது எழுதுகின்றோம்.

நம் நாட்டில் ஓர் ஆசிரியை மறைந்தால் அவரைப் புகழும் முறை ஒன்று உண்டு. 'தாயினும் சாலப் பரிந்தவர்' என்போம். 'மாணவர்களைத் தம் பிள்ளைகளாகவே கருதியவர்' என்போம். பொறுமை, இரக்கம், தன்னலமின்மை என்று அடுக்குவோம். இவை பொய்யல்ல. ஆனால் ஆடவர் ஒருவர் ஆசிரியராக இருந்து மறைந்தால் நாம் இப்படிப் பேசுவதில்லை. இலக்கணத்தில் வல்லவர், கணக்கில் புலி, அவர் நடத்தினால் மண்டூகத்திற்கும் விளங்கும் என்று அவரது திறத்தைப் பேசுகின்றோம். பெண் ஆசிரியையின் திறம் அவருடைய தாய்மையின் நிழலில் மறைக்கப்படுகிறது. பிள்ளைகளைப் பெற்றவர், ஆகையால் பிள்ளைகளுக்கு நன்றாகக் கற்பித்தார் என்று முடித்துவிடுகின்றோம். அவர் பயின்றதும், முயன்றதும், தவறித் திருத்திக்கொண்டதும் எங்கோ போய்விடுகின்றன. இது புகழ்ச்சி போலத் தோன்றும் ஒரு புறக்கணிப்பு என்பதே நம் கருத்து.

டீச்சரம்மா எவ்வாறு கற்பித்தார் என்பதை எழுதினால்தான் இக்கருத்து விளங்கும்.

1970களின் தொடக்கத்தில் நம் வகுப்பில் இருந்தோருள் பாதிப்பேருக்கு வீட்டுமொழி உருது. வீட்டில் தாயைக் கூப்பிடுவதும், தெருவில் சண்டையிடுவதும், கனவு காண்பதும் அம்மொழியில். பள்ளிக்கு வந்தபின்புதான் தமிழ் எழுத்தைக் கண்ணால் காண்போம். உருது எழுத்தில் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் தனித்தனி வடிவம் இல்லை. ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் இல்லை. எனவே நமக்கு 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஒன்றே. 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஒன்றே. வேறு பள்ளிகளில் இதனை மந்தபுத்தி என்று கருதிப் பிரம்பை எடுத்தவர்கள் உண்டு. டீச்சரம்மா இதனை மந்தபுத்தி என்று கருதவில்லை. பிள்ளைகள் செய்யும் பிழை அனைத்தும் ஒரே மாதிரியாக இருக்கின்றனவே, அப்படியானால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணியிருக்கிறார். தெருவிலிருந்த மவுலவி ஒருவரிடம் சென்று உருது எழுத்துகளைச் சில மாதங்கள் கற்றுக்கொண்டார். இதனை அவரே பின்னாளில் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதன்பின் வகுப்பில் ஒரு விளையாட்டு தொடங்கியது. பலகையில் 'ஏட்டை எடு' என்று எழுதுவார். குறில் வருமிடத்தில் ஒருமுறை கைதட்டவேண்டும். நெடில் வருமிடத்தில் கையைத் தட்டி விரிக்கவேண்டும். மாறித் தட்டியவன் அடுத்த சொல்லைத் தான் சொல்லவேண்டும். இப்படியே ஒரு மாதம். 'தோல்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'தொல்' என்று எழுதிய தோழன் ஒருவனிடம் அவர் சொன்னது இன்றும் நம் காதில் ஒலிக்கின்றது: "தொல் காப்பியருக்குப் போகட்டும் பேட்டா. உங்க அப்பாவுக்குச் சோறு போடறது தோலு. கொம்பைச் சுழிச்சுப் போடு."

அந்தக் கொம்பைச் சுழித்துப் போடும் வழக்கம் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தால் வந்தது என்பதைக் கல்லூரியில் இலக்கிய வரலாறு படிக்கும்போதுதான் அறிந்தோம். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்து, 1747இல் மறைந்த அந்தக் கத்தோலிக்கத் துறவிக்கும் நம்மைப் போலவே தமிழ் தாய்மொழி அன்று. குறிலும் நெடிலும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால் வெளியிலிருந்து வந்து கற்பவனுக்கு நேரும் இடர்ப்பாடு அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் செய்த திருத்தத்தின் பயனை இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆம்பூரின் உருதுப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தவர் அதே திருச்சபையைச் சேர்ந்த ஓர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இன்று ஒரு தமிழ்த்துறையில் அமர்ந்து நாம் இலக்கணம் பேசுகிறோம் என்றால் அதன் முதற்படி அந்தக் கைதட்டல்தான்.

கணக்கையும் சொல்லவேண்டும். பதனிட்ட தோலைச் சதுர அடியால் அளந்து, அதன் உட்புறத்தில் அளவை எழுதிவைப்பது நம் ஊர் வழக்கம் என்பதை வாசகர் அறிவர். நாலேகால், ஐந்தரை, ஆறேமுக்கால் என்று எண்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நாம். டீச்சரம்மா வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து வகுப்பில் பரப்புவார். "நாலேகாலும் ஐந்தேமுக்காலும் சேர்த்து ஒரு கட்டு. எத்தனை?" பத்து என்று கத்துவோம். வகுப்பறை தோல் நாற்றம் நாறும். அதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. ஊரே அப்படித்தான் நாறியது. பின்னங்கள் என்னும் சொல்லை நாம் கேள்விப்படுவதற்கு மூன்றாண்டு முன்னரே பின்னத்தைக் கூட்டக் கற்றோம்.

இவற்றுள் எது தாய்மை? ஆராய்ந்து, காரணம் கண்டு, கருவி செய்து, சோதித்துப் பார்த்த ஓர் அறிவாளியின் உழைப்பு அல்லவா இது! பல்கலைக்கழகங்களில் இதனை ஆய்வு என்று அழைத்துப் பட்டம் வழங்குகின்றார்கள்.

அவர் இல்வாழ்வையும் கூறாது விட இயலாது. கணவர் ஒரு டேனரியில் கணக்கெழுதியவர், இளமையிலேயே மறைந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்து, அவர்களின் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தார். விடியுமுன் செபமாலை, ஞாயிறுதோறும் பூசை, தவக்காலம் நாற்பது நாளும் ஒருவேளை உணவு. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வருவார். நாம் ரமலானில் நோன்பு நோற்கத் தொடங்கிய வயதில், "டீச்சரம்மாவும் நோன்பு" என்று நமக்குள் பேசிக்கொள்வோம். மதத்தைப் பற்றி அவர் நம்மிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்குச் செல்லும் பிள்ளை வகுப்புக்குத் தாமதமாக வந்தால், அவன் வரும்வரை புதிய பாடம் தொடங்கமாட்டார்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்கும். முக்காடிட்ட முதிய பெண்மணி ஒருவர் மடியில் ஏடு விரித்திருப்பார். அருகில் ஒரு சிறுமி நின்று எழுத்தின்மேல் விரல்வைத்துப் படிப்பாள். சிறுவயதில் அந்தப் பெண்மணியை டீச்சரம்மா என்றே நினைத்திருந்தோம். முக்காடும் ஏடும் அப்படி எண்ண வைத்தன. வளர்ந்தபின் கேட்டோம். அது புனித அன்னம்மாள்; மரியாளின் தாய்; இயேசுவுக்குப் பாட்டி. மகளுக்கு எழுத்தறிவிக்கும் கோலத்தில் அவரை வரைவது ஐரோப்பிய ஓவியர்களின் நெடுங்கால வழக்கம். இந்த அன்னையை நம் மக்களும் அறிவர். திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்தில் இம்ரானின் மனைவியாக வருபவர் அவரே. தம் வயிற்றிலிருந்த மகவை இறைவனுக்கென நேர்ந்துகொண்ட அத்தாய்க்குப் பிறந்தது பெண். அப்பெண்ணே மர்யம், அம்மறையில் பெயர் சுட்டப்பெற்ற ஒரே பெண்மணி, பத்தொன்பதாம் அத்தியாயத்திற்குப் பெயர் தந்தவர்.

தாய், பாட்டி, ஆசிரியை என்னும் மூன்றும் அந்தப் படத்தில் ஒருவரிடமே இருக்கின்றன. ஓவியர்கள் அவர் கையில் ஏட்டைக் கொடுத்ததை நாம் வியப்புடன் எண்ணிப் பார்க்கின்றோம். குழந்தையை இடுப்பில் வைத்தும் வரைந்திருக்கலாம் அல்லவா?

அன்னம்மாளின் பெயரால் நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி நம் தோல் வட்டாரத்திற்கு வெகுதூரம் அன்று. ஆந்திரத்துக் குண்டூர்ப் பகுதியிலுள்ள பிரங்கிபுரத்தில் 1822இல் பிறந்த ஞானம்மா என்னும் பெண்மணி ஐந்து ஆண்மக்களைப் பெற்றவர். பின்னர்க் கணவரை இழந்தவர். கைம்பெண் மூலையில் அமரவேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலத்தில், 1862இல் பிரங்கிபுரத்தில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே கீழச்சேரியில் புனித அன்னம்மாள் பெயரில் கன்னியர் சபை ஒன்று அவரால் உருவாயிற்று. 1874இல் மறைந்தார். கன்னியர் சபையை நிறுவியவர் கன்னியர் அல்லர், ஐந்து பிள்ளை பெற்ற தாய் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். நமக்கு அதனினும் வியப்பானது வேறொன்று. ஐந்து ஆண்மக்களை வளர்த்தவர் பள்ளி தொடங்கியது பெண்பிள்ளைகளுக்காக. தம் வீட்டில் இல்லாத பெண்பிள்ளையைத் தெருவில் தேடியிருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை அவரை 'இறை ஊழியர்' என்று அறிவித்துள்ளது. பொதுமக்கள் வரலாற்றில், கல்வி வரலாற்று நூல்களில், அவர் பெயரை எத்தனை பேர் எழுதியிருக்கின்றனர்?

மற்றொரு தாயைப் பற்றியும் சொல்லவேண்டும். கடல்கடந்த செய்தியாயினும் நம் வட்டாரத்திற்கு நெருங்கியது. டீச்சரம்மாவின் மகன் திருப்பத்தூர்த் தூய நெஞ்சக் கல்லூரியில் படித்தவர். 1951இல் சலேசிய சபையார் நிறுவியது அக்கல்லூரி. அச்சபையின் நிறுவனர் தொன் போஸ்கோ. அவருடைய தாயின் கதையை மகன் கொண்டுவந்த நூலில் படித்துவிட்டு, டீச்சரம்மா நம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மார்கரீட்டா ஒக்கியேனா 1788இல் வட இத்தாலியின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மனைவியை இழந்த பிரான்செஸ்கோ போஸ்கோ என்னும் உழவரை 1812இல் மணந்தார். 1817இல் கணவர் மார்ச்சளிக் காய்ச்சலால் இறந்தபோது மார்கரீட்டாவுக்கு வயது 29. மூத்தாளின் மகன் ஒருவன், தாம் பெற்ற பிள்ளைகள் இருவர், நோயுற்ற மாமியார் ஆகியோர் அவர் பொறுப்பில். இளையவனுக்கு இரண்டு வயதும் நிறையவில்லை. அவ்வாண்டு அந்நாட்டில் பஞ்சம் வேறு. மார்கரீட்டாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் கோவிலில் கேட்ட மறையுரைகளை மனப்பாடமாக வைத்திருந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார். படிக்கவேண்டும் என்று துடித்த இளைய மகனை, மூத்தவனின் எதிர்ப்பையும் மீறிப் படிக்க வைத்தார். அந்த மகனே தொன் போஸ்கோ.

1846இல், பேரப்பிள்ளைகளுக்கு நடுவே ஊரில் அமைதியாக முதுமையைக் கழித்துக்கொண்டிருந்தவரை மகன் வந்து அழைத்தார். தூரின் நகரத் தெருக்களில் வேலை தேடி அலையும் ஏழைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம். அதற்கு ஒரு தாய் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் மகனோடு நடந்தே நகருக்குப் போனார். தம் திருமண ஆடையையும் நகையையும் அந்த இல்லத்திற்கே கொடுத்தார். பகலில் சமையலும் தோட்டமும். இரவில் பிள்ளைகளின் கிழிந்த உடைகளுக்குத் தையல். ஒருநாள் சிறுவர்கள் போர் விளையாட்டு விளையாடி, அவர் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தை மிதித்து அழித்துவிட்டனர். மனமுடைந்து, ஊருக்கே திரும்புகிறேன் என்றார். மகன் மறுமொழி கூறாமல் சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினார். தாய் தங்கிவிட்டார், 1856 நவம்பர் 25இல் உயிர் பிரியும்வரை அங்கேயே இருந்தார்.

டீச்சரம்மா இந்தத் தோட்டத்துக் கதையைச் சொல்லும்போது சிலுவையைக் காட்டிய மகனைப் பாராட்டமாட்டார். "அந்தப் பிள்ளைங்களைத் திரும்பவும் பாத்தி கட்டச் சொல்லியிருக்கணும்" என்பார். ஆசிரியையின் பேச்சு அது.

ஆம்பூர் வாசகர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த இல்லத்தில் 1853இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டவை இரண்டு பட்டறைகள். ஒன்று தையல், மற்றொன்று செருப்புத் தைத்தல். வெளிப்பட்டறைகளில் வேலை பழகிய சிறுவர்களுக்காகத் தொன் போஸ்கோ முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். 1852ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில், சிறுவனை அடிக்கக்கூடாது, ஞாயிறு ஓய்வு தரவேண்டும் என்னும் கட்டளைகள் உள. தொழிலாளர் சட்டம் என்பதை நாம் கேட்டறியாத நாளில், தோலும் ஊசியுமாக இருந்த சிறுவர்களுக்கு நடுவே நடமாடியவர் அந்தத் தாய். தொன் போஸ்கோவின் கல்விமுறைக்கு வேர் அவருடைய தாயிடம் இருக்கின்றது என்று சலேசிய சபையினரே சொல்வர். 2006இல் திருச்சபை அவரை 'வணக்கத்திற்குரியவர்' என்று உயர்த்தியது. எனினும் உலகம் அவரை 'மார்கரெட் அம்மா' என்றே அறியும். 'ஆசிரியை மார்கரெட்' என்று எழுதினால் அச்சுப்பிழை என்பார்கள்.

அச்சபையின் சகோதரிகள் 1922இல் தஞ்சைக்கு வந்தனர்; 1954இல் வேலூரில் ஆக்சிலியம் கல்லூரியை நிறுவினர். வடார்க்காட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்குப் பட்டம் பெற்றனர். இவ்வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, நிறுவனங்களின் வரலாறு எப்போதும் எழுதப்பட்டுவிடும். நாம் கவலைப்படுவது, அக்கல்லூரி வாயில் வரைக்கும் அப்பெண்களை அழைத்துச்சென்ற இரண்டாம் வகுப்பு ஆசிரியைகளைப் பற்றி.

இனி நம் குறையொன்றைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் டீச்சரம்மாவைப் புகழ நமக்கு உரிமையில்லை.

1990களின் தொடக்கம். நாம் விரிவுரையாளராகி ஓராண்டு ஆகியிருந்தது. ஒருநாள் மாலை டீச்சரம்மா நம் வீட்டுக்கு வந்தார். நம் தெருவில் ஒரு பெண்பிள்ளை எட்டாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியிருந்தாள். அவளை நிறுத்திவிடத் தந்தை முடிவு செய்திருந்தார். டீச்சரம்மா மூன்றுமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். திண்ணையில் அமரவைத்துத் தேநீர் கொடுத்து, "பார்க்கலாம் டீச்சரம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். "நீ சொன்னா அவர் கேப்பார் பேட்டா. காலேஜு வாத்தியார் நீ. ஒரு வார்த்தை சொல்லு" என்றார். இந்த வாரமே பேசுகிறேன் என்றோம். அந்த வாரம் உறவினர் வீட்டுத் திருமணம் வந்தது. அடுத்த வாரம் தேர்வுத்தாள் வந்தது. அதற்கு அடுத்த வாரம், அண்டை வீட்டாரிடம் இதைப் பேசுவது முறையா என்னும் தயக்கம் வந்தது. தயக்கம்தான் உண்மைக் காரணம். திருமணமும் தேர்வும் அதற்கு இட்ட பெயர்கள். ஓரிரு ஆண்டில் அப்பெண் ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவுக்குப் போனாள். 1970களில் பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளிநாடு செல்வதை நடுவணரசு கட்டுப்படுத்தியபின், இங்குக் காலணித் தொழில் பெருகி, பெண்களுக்கு வேலை கிடைத்தது நன்மையே. அவ்வேலையை நாம் இழிவாகக் கருதவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. ஆனால் அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் பேசியிருந்தால் தந்தை கேட்டிருப்பாரா என்பதும் தெரியாது. பேசவில்லை என்பது மட்டும் தெரியும்.

டீச்சரம்மா அதைப் பற்றி மறுபடி ஒருசொல்லும் சொல்லவில்லை. அடுத்துக் கண்டபோது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

அன்பு வேறு, தொழிற்பற்று வேறு என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது. அன்பு நம்மிடமும் இருந்தது. அந்தப் பிள்ளையின்பால் நமக்கு இரக்கமில்லை என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் மூன்றுமுறை திண்ணையில் போய் அமர்ந்து, நான்காவதாக நம் வீட்டுப் படியேறியது அன்பு மட்டும் அன்று. தாம் தொடங்கிய பாடம் பாதியில் நிற்கக்கூடாது என்னும் ஆசிரியையின் பிடிவாதம் அது. 'பக்தியில் சிறந்தவர்' என்று கல்லில் எழுத விரும்பிய மகனுக்கு நாம் சொல்ல விழைவதும் இதுவே. அவருடைய பக்தி செபமாலையில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அந்தத் திண்ணையிலும் இருந்தது.

அவர் 1996இல் ஓய்வு பெற்றார். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு பற்றி உச்சநீதிமன்றம் பெருந்தீர்ப்பு வழங்கிய ஆண்டு அது என்பதால் ஊரே வேறு பேச்சில் இருந்தது. பள்ளியில் ஒரு சால்வை போர்த்தினார்கள். பின்னர் அப்பள்ளியில் புதிய கட்டடம் எழுந்தபோது பளிங்குக்கல் பதித்து, நன்கொடை அளித்தோர் பெயர்களைத் தொகைவாரியாகப் பொறித்தனர். வள்ளல்களைப் போற்றுவதில் நமக்கு மாறுபாடில்லை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும், 1965இல் மேல்விஷாரத்தில் வள்ளல் அப்துல் ஹக்கீம் பெயர் தாங்கிய கல்லூரி எழுந்ததும் கொடையாளர் இல்லையேல் நடந்திருக்குமா? தோலில் ஈட்டியதைக் கல்வியில் இட்டவர்கள் நம் முன்னோர். அவர்கள் பெயர் பொறிக்கப்பட வேண்டியதே. ஆனால் முப்பத்தைந்து ஆண்டு ஒரே வகுப்பறையில் நின்றவரின் பெயருக்கு அந்தப் பளிங்கில் ஒரு விரற்கடை இடம் இருந்திருக்கும். கேட்பதற்கு ஆளில்லை. நாமும் கேட்கவில்லை. விழாவில் வாழ்த்துரை வழங்கியவர்களுள் நாமும் ஒருவர்.

இம்மலரில் கத்தோலிக்க ஆசிரியை ஒருவரைப் பற்றி எழுதுவது எதற்கு என்று நண்பர் ஒருவர் வினவினார். தீய நோக்கத்தோடு கேட்கவில்லை. இடம் குறைவாக இருக்கிறதே என்னும் கவலை அவருக்கு. நம் துறையில் சீறாப்புராணம் நடத்துகிறோம், தேம்பாவணியும் நடத்துகிறோம். இரண்டையும் பிழையின்றிப் படிக்கும் கண் நமக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் அவரிடம் திருப்பிக் கேட்டோம். அவரும் டீச்சரம்மாவிடம் படித்தவர்தான். அதன்பின் பக்கம் ஒதுக்குவதில் சிக்கல் எழவில்லை.

நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று துறை வாயிலில் நிற்போர் பலர். உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் பழைய பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். 1950களிலும் 60களிலும் அங்குக் கற்பித்த பெண்கள் யார், எவ்வூரிலிருந்து வந்தனர், எவ்வாறு கற்பித்தனர் என்று அவர்களிடம் படித்த முதியோரைக் கேட்டு எழுதுங்கள். 'அன்பானவர்' என்று ஒருவர் சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள். 'ழ'கரத்தை எப்படிச் சொல்லித் தந்தார் என்று கேளுங்கள். வாய்ப்பாட்டை எப்படி நடத்தினார் என்று கேளுங்கள். முதியோர் நினைவில் இருப்பது அவர்களோடு போய்விடும். பேர்ணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இப்போதே பாதி போயிற்று.

கல்லறை வாசகம் பற்றிய செய்தியை முடிக்கவேண்டும். நாம் எழுதிய தாளை எடுத்துச் சென்ற பேத்தி, பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இம்முறை கையில் ஒரு பழைய குறிப்பேடு. டீச்சரம்மாவின் பெட்டியில் கிடைத்ததாம். ஒவ்வோராண்டும் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் பெயர். பெயருக்கு எதிரே அப்பிள்ளை எந்தெந்த எழுத்தில் தவறுகிறது என்னும் குறிப்பு. ஒரு பக்கத்தில் நம் பெயரும் இருந்தது. எதிரே 'ஒ, ஓ, ள, ழ. சத்தமாகப் படிக்க வெட்கம்' என்று எழுதியிருந்தது. மற்றொரு பக்கத்தில், நாம் தந்தையிடம் பேசாது விட்ட அந்தப் பெண்ணின் பெயர். எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. ஒரு சிறு கோடு மட்டும். தவறே இல்லாத பிள்ளைக்குப் போடும் கோடு.

குடும்பத்தார் கூடிப் பேசி, மகனும் இசைந்துவிட்டாராம். ஆனால் 'ஆசிரியை' என்று மட்டும் போட்டால் எந்த ஆசிரியை என்று எவருக்குத் தெரியும் என்று பேத்தி கேட்டார். கூடுதல் எழுத்துகளுக்கான கூலியைத் தாமே தருவதாகவும் சொன்னார். அவர் இப்போது ஒரு பள்ளியில் பணிக்குச் சேர்ந்திருக்கிறார். முதல் மாதச் சம்பளம்.

சென்ற நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று மாலையில் போய்ப் பார்த்தோம். மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. பர்தா அணிந்த இரு பெண்கள் மல்லிகைச் சரம் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தனர். கல்லில் மூன்று வரிகள். பாசமிகு தாய். அன்புப் பாட்டி. மூன்றாவது வரியில், மற்ற இரண்டையும்விடச் சற்றுச் சிறிய எழுத்தில்: ஆசிரியை, இரண்டாம் வகுப்பு.